ஸ்பிண்டில் ஆயிலும் தாய்மாமன் சீரும்

சீனிவாசலு அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவர் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். மனிதர் எப்போதும் எதற்காவது அடியில் படுத்திருப்பார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீதி ஆள் உள்ளே இருந்தபடி, "அந்த பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு" என்று நமக்கு வேலை வைப்பார்.

அவர் என் பெரியப்பா மகன். நான் ரங்கராஜ். சிங்காநல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் தெலுங்கு பேசுவோம். ஆந்திராக்காரன் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற தெலுங்கு. அதனால் பேச்சையெல்லாம் கொங்குத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அதுதான் எங்களுக்கும் நன்றாக வரும்.

அண்ணன் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனவர். மில்லில் அவருக்கு நல்ல பேர். அதை நான் மறைக்கமாட்டேன். ஷெட்டுக்குள் நடந்து போகும்போதே எந்த மெஷின் முனகுகிறது என்று சொல்லிவிடுவாராம். சனியன் என்னவென்றால், அந்தப் பேரை மில் கேட்டிலேயே விட்டுவிட்டு வராமல் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நூல் மெஷின் தெரிந்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தெரியும் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். அடி வாங்குகிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும்.

ஒருமுறை மாவு கிரைண்டரைப் பிரித்துப் பூட்டினார். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி, உளுந்து மாவைச் சமையலறைச் சுவர் முழுக்க வீசியடித்தது. அண்ணி ரங்கநாயகி, தலையிலும் கண்ணிமையிலும் மாவோடு அவரைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் கொஞ்சங்கூட அசரவில்லை. "வேகம் பாத்தியா புள்ள? முன்ன இந்த வேகம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

எதைப் பிரித்தாலும் அவர் கடைசியில் போய் நிற்கிற இடம் ஸ்பிண்டில் ஆயில். மில்லில் நூல் சுற்றுகிற கதிர்களுக்கு விடுகிற எண்ணெய் அது. தண்ணீர் மாதிரி இருக்கும். சிங்காநல்லூரில் மில்காரர் வீடு என்றால் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தே தீரும். எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. கதவுக் கீலுக்கு அது, தையல் மெஷினுக்கு அது, சைக்கிள் செயினுக்கு அது. முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொண்டவர்களும் உண்டு. என் கடைக்கு அயோடெக்ஸ் வாங்க வந்த ஒருவரை, அண்ணன் வாசலிலேயே மடக்கி, "சித்த இருங்க, என்கிட்ட அதைவிட நல்லது இருக்குது" என்று கூட்டிப்போயிருக்கிறார். என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்ட எண்ணெய் அது.

இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் தங்கச்சி கல்யாணத்தை அப்படி விட முடியாது.

வெங்கடலட்சுமி அண்ணனுக்கு ஒரே தங்கச்சி. பெரியப்பா போன பிறகு அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். கோபிசெட்டிபாளையத்தில் தென்னந்தோப்பும் வாழையும் வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரன் ஒருவன் அங்கேயே இருந்தான். அவனுக்கு அதுதான் வேலை. ஆனாலும் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவனை ஒதுக்கிவிட்டு, ஜெனரேட்டருக்கு அடியில் புகுந்துவிட்டார். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டியவர் அவர். கூப்பிட்டுப் பார்த்தோம். "ரெண்டே நிமிசம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. தாலி ஏறிய பிறகுதான் அந்த இரண்டு நிமிடம் முடிந்தது.

கல்யாண ஆல்பத்தில் அண்ணன் முகம் ஒரு இடத்தில்கூட இல்லை. ஒரே ஒரு படத்தில், ஓரமாக, ஜெனரேட்டருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பெண் வீட்டு அண்ணன். வெங்கடலட்சுமியின் மாமனார் கண்ணையா வாய்த்துடுக்குக்காரர். அந்தப் படத்தைப் பார்த்த அன்றே அண்ணனுக்குக் 'கால் மச்சான்' என்று பேர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷம் வந்தாலும், "உன்ற அண்ணன் வாராராம்மா, இல்ல கால் மட்டும் வருதா?" என்று மருமகளைக் கேட்பார். வீடே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். உள்ளே போய் என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் தெரியாதா என்ன?

ரொம்ப வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, பிறகு அவளுக்கு நவ்யா பிறந்தாள். ஒன்றரை வயதில் 1996 ஆவணியில் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். சீர்த்தட்டோடு பிறந்த வீட்டிலிருந்து மாமன் வந்து, பந்தலில் பாயில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, ஆசாரி வந்து குத்த வேண்டும். இதற்கு இன்னொரு ஆள் போடுகிற வழக்கம் கிடையாது. மாமனே இல்லாதவர்களுக்குத்தான் அம்மாவின் பெரியப்பா, சித்தப்பா மகன் யாராவது பங்காளி மாமன் என்று உட்காருவான்.

அழைக்க வந்த வெங்கடலட்சுமி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணன் அப்போதும் தன் காருக்கு அடியில்தான் இருந்தார், நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கால்களைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு உங்களத் தெரியாது. ஆல்பத்துல உங்க காலக் காட்டித்தான் 'மாமா'ன்னு சொல்லிக் குடுத்திருக்கறேன்."

கார் அடியிலிருந்து, "ஹாஹா! நெம்ப நல்லாச் சொன்னே போ!" என்று சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இந்த ஒருதடவை முகத்தோட வாங்கண்ணா. முகூர்த்தத்துக்கு முன்னால பந்தல்ல வந்து உக்காந்துருங்க. அந்தப் பேச்சு அன்னைக்கோட முடிஞ்சு போகோணும். எனக்கு வேற சீரே வேண்டாமுங்க."

அண்ணன் ஊர்ந்து வெளியே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தங்கச்சி மேல் அவருக்கு உயிர்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "வாராமயா இருப்பேன் அம்மணி? மொத ஆளா நிப்பேன்" என்றார்.

"பஸ்ல வந்துருங்கண்ணா."

அங்கேதான் வந்தது வினை. அண்ணன் முகம் மாறிவிட்டது. "கார வெச்சுக்கிட்டுத் தாய்மாமன் சீர்த்தட்டோட பஸ்ல தொங்கிட்டு வாரதா? கோபி ஊரே கைகொட்டிச் சிரிக்கும். கார்லதான் வருவேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் கார் ஒரு பழைய மாருதி. யாரோ ஆண்டு அனுபவித்து விற்றதை அண்ணன் வாங்கியிருந்தார். பிரேக் மிதித்தால் இடது பக்கமாக இழுக்கும். முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமாகக் கசிந்திருக்கும். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சாமானுக்குக் காலிப்பர் என்று பேர். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி ஒழுகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். வெளியே தூசி புகாமல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, அதற்குப் பூட் என்று பேர். அண்ணன் காரில் பூட் கிழிந்து, சீல் தேய்ந்து போயிருந்தது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க என் கடை வாசலில் நின்று அவர் சொன்னதைக் கேட்டே மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஒர்க்‌ஷாப்புல விட்டா நாளைக்கே குடுத்துருவாங்க" என்றார் அண்ணி.

"ஊட்டுல ஒரு ஃபோர்மேன வெச்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போறதா?" என்றார் அண்ணன்.

என்னையும் இழுத்துக்கொண்டு காந்திபுரம் போய், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது சீலும் பூட்டும் வாங்கினார். அதுவரை சரிதான். கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே சொன்னார்: "ஏனுங்க, பிரேக் ஃப்ளூயிட் மட்டும் தொட்டுப் போடுங்க. வேற எந்த எண்ணெயும் இந்த ரப்பர்ல படக்கூடாதுங்க. மண்ணெண்ணெயில கழுவாதீங்க, கிரீஸ் தடவாதீங்க. உப்பிப் போயிருமுங்க. உப்புச்சுன்னா பிரேக் புடிச்சது புடிச்சபடியே நிக்கும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. அண்ணன் பவ்யமாக, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். கடையை விட்டு இறங்கியதும் என் காதில், "ஃப்ளூயிட் டப்பா ஒண்ணு தள்ளி உடப் பாக்கறான். நாம பாக்காத எண்ணெயா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கடை விரித்தார். ஜாக்கி கொடுத்து, சக்கரம் கழற்றி, காலிப்பரைப் பிரித்து எடுத்தார். பிஸ்டன் துருப் பிடித்து வெளியே வர மறுத்தது. குழாய் மாட்டுகிற ஓட்டையில் சைக்கிள் பம்ப்பைச் சொருகி, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, வேகமாக அடித்தார். எதிரில் ஏதாவது துணி வையுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் 'டொப்' என்று சத்தம். பிஸ்டன் பறந்து போய், அண்ணி புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தில் அடித்தது. சீர்த்தட்டு அதுதான். நட்ட நடுவில் ஒரு குழி விழுந்துவிட்டது. காலிப்பருக்குள் மிச்சமிருந்த ஃப்ளூயிட் தெறித்து, கார் மட்கார்டில் பட்ட இடமெல்லாம் மதியத்துக்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

அண்ணி தாம்பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பூவுக்கு அடியில வெச்சா தெரியாது" என்றார் அண்ணன்.

"என்னையும் அப்பிடித்தானுங்க வெச்சிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். அண்ணன் காதில் அது விழவில்லை. அவர் கொக்கி மாதிரி ஒரு கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

புது பூட் விறைப்பாக இருந்தது. பிஸ்டன் மேல் ஏற மாட்டேன் என்றது. அப்போதுதான் அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணா, கடைக்காரர் சொன்னாரில்லீங்களா..."

"நீ மாத்திரை விக்கறவன். பேசாம இரு. மில்லுல ஒரு கதிரு நிமிசத்துக்கு எத்தனை ஆயிரம் சுத்து சுத்துதுன்னு உனக்குத் தெரியுமா? அதையே தாங்கற எண்ணெய் இந்த ரப்பர என்ன பண்ணிரும்?"

எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. ரப்பருக்குத்தான் ஆகும். ஆனால் ஃபோர்மேனிடம் அதை யார் சொல்வது? அண்ணியின் ஊறுகாய் பாட்டிலைக் காலி பண்ணி, இரண்டு சக்கரத்துக்குமான சீலையும் பூட்டையும் அதில் போட்டு, மூழ்க மூழ்க ஸ்பிண்டில் ஆயிலை ஊற்றி, மூடி போட்டு வைத்தார். "ஊறட்டும். மெதுவாயிரும்" என்றார்.

மறுநாள் பார்த்தால் உளுந்து ஊறினது மாதிரி எல்லாம் பருத்து இருந்தன. கடவுளே நேரில் வந்து எச்சரித்தால்கூட இதைவிட அழுத்தமாக எச்சரிக்க மாட்டார். அண்ணனுக்கோ ஒரே சந்தோஷம். ஒரு சீலை விரலில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்று எல்லாருக்கும் காட்டினார். "பாத்தீங்களா, எப்பிடிக் கும்முனு இருக்குது! தேஞ்சு போனதாலதான ஒழுகுச்சு? இப்பத் தடியாயிருச்சு. இனி ஒரு சொட்டு ஒழுகாது!"

பருத்த சீல் அதற்குரிய பள்ளத்தில் உட்கார மறுத்தது. அண்ணியின் கொண்டை ஊசியால் குத்தி, கட்டை விரலால் அமுக்கி, தெலுங்கில் நாலு வார்த்தை திட்டி உட்காரவைத்தார். பிஸ்டனை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் வைத்து நெருக்கி உள்ளே தள்ளினார். பூட் தொளதொளவென்று பிஸ்டன் மேல் தொங்கியது. எல்லாம் பூட்டி முடித்து, தெருமுனை வரை ஓட்டி, பிரேக் அடித்துக் காட்டினார். கார் நச்சென்று நின்றது. "எப்பிடிப் புடிக்குது பாத்தியா?" என்றார். பிடித்தது நிஜம். விட்டதா என்று யாரும் பார்க்கவில்லை.

காதுகுத்து அன்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். அண்ணன் பட்டு வேட்டி சட்டையில் ஜம்மென்று இருந்தார். முகத்தைப் பளிச்சென்று சவரம் செய்திருந்தார். தங்கச்சி கேட்ட முகம் அதுதான். பக்கத்தில் அண்ணி, மடியில் தோடு வைத்த நகைப்பெட்டி. பின்சீட்டில் நானும், பூவால் குழியை மறைத்த தாம்பாளமும், அதில் தேங்காய், பழம், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை.

நீலாம்பூர் தாண்டும்போதே கார் திணறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரைச்சல்தான் வருகிறது, வேகம் வரவில்லை.

"பெட்ரோல் சரியில்ல" என்றார் அண்ணன்.

கருமத்தம்பட்டியில் தீய்ந்த நாற்றம் வந்தது. "எவனோ டயரக் கொளுத்தறான்" என்றார். அவிநாசி வந்தது. டயர் கொளுத்துகிறவன் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தான். அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, நம்ம காருங்களா?" என்று கேட்டார்.

"எதிர்க்காத்து" என்றார் அண்ணன். நாற்றத்துக்கு எதிர்க்காற்று எப்படிக் காரணம் என்று நான் கேட்கவில்லை.

அவிநாசியைத் தாண்டி நம்பியூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை கிளம்பியது. கார் தானாகவே நின்றது. பிரேக் மிதிக்க வேண்டிய வேலையே இல்லை. இறங்கித் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத சூடு. கடைக்காரர் சொன்னபடியே பிடித்தது பிடித்தபடி நின்றது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார். 'சுர்ர்' என்று ஆவி எழும்பியது. "போதாது" என்றார். சுற்றிலும் பார்த்தார். காய்ந்த சோளக்காடு. கிணறு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. திரும்பி வந்து, பின்கதவைத் திறந்து, சீர்த்தட்டில் இருந்த தேங்காயில் கையை வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் அண்ணி.

"தண்ணி வேணுமில்ல? ரெண்டு தேங்கா போதும். கோபியில வேற வாங்கிக்கலாம்."

அண்ணி கத்துகிறவர் இல்லை. மாவு முகத்தில் அடித்த அன்றுகூடக் கத்தவில்லை. அன்றைக்குக் கத்தினார். "கைய எடுங்க! அது உங்க தங்கச்சிக்குப் பொறந்த ஊட்டுச் சீருங்க. உங்க கருமம் புடிச்ச சக்கரத்துல ஊத்தறதுக்கா நான் மஞ்சத் தடவி வெச்சேன்? கைய எடுங்கன்னா!"

தாம்பாளத்தைப் பிடுங்கி, முந்தானையால் மூடி, ரோட்டோரமாகப் போய் நின்றார். அவிநாசியிலிருந்து கோபி போகிற பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினார். நின்றது. நல்ல நேரம் இன்னும் இருந்தது. அந்த பஸ்ஸில் போனால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பந்தலில் இருக்கலாம். மூன்று பேரும் போகலாம். தங்கச்சி கேட்டது இது ஒன்றைத்தான்.

"ஏறுங்கண்ணா" என்றேன். "கார் எங்கயும் ஓடிப் போயிராது."

உண்மையில் அந்தக் கார் எங்கேயும் ஓடாது. அண்ணன் பஸ்ஸைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் பட்டு வேட்டியையும் புகைகிற சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது.

"நீங்க போங்க. சூடு ஆறுனா கெளம்பிரும். ரெண்டே நிமிசம். உங்க பஸ்ஸ நம்பியூர்லயே புடிச்சிருவேன் பாருங்க" என்றார்.

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். தட்டையும் நகைப்பெட்டியையும் அணைத்துக்கொண்டு ஏறினார். நானும் ஏறினேன். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். கொஞ்ச நேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தபோது அவர் ஏற்கெனவே காருக்கு அடியில் போயிருந்தார்.

கோபியில் தோப்பு வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டோடு இறங்கிய எங்களைப் பார்த்ததும் வெங்கடலட்சுமி ஓடி வந்தாள். அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"வந்துட்டே இருக்காருங்க அம்மணி" என்றார் அண்ணி. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

கண்ணையா நாற்காலியில் சாய்ந்தபடி, "என்னங்க, மச்சான் எங்க? காலாவது வந்துச்சுங்களா?" என்று உரக்கக் கேட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

வெங்கடலட்சுமி காத்திருந்தாள். ஆசாரி ஊசியையும் தங்கக் கம்பியையும் எடுத்து வைத்துவிட்டு இரண்டு தரம் இருமினார். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் ரோட்டையே பார்த்தாள். ஒரு லாரி போனது. ஒரு பால் வண்டி போனது. கடைசியில் கண்ணையாவே சிரிப்பை நிறுத்திவிட்டு, "போதும்மா, உக்கார வையி" என்றார். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ரங்கண்ணா, நீங்க உக்காருங்க" என்றாள். குரல் உடைந்து போயிருந்தது.

நான் உட்கார்ந்தேன். மாமன் இருக்கும்போது பங்காளி மாமனாக உட்கார்ந்தேன். அதைவிடக் கேவலம் வேறு இல்லை. எனக்கு இல்லை, அவளுக்கு. குழந்தையை மடியில் வைத்தார்கள். அது என்னை அண்ணாந்து பார்த்து, முகம் தெரியாமல் உதட்டைப் பிதுக்கியது. பிறகு என் காலைப் பார்த்தது. அதுவும் தெரிந்த காலாக இல்லை. வீறிட்டு அழ ஆரம்பித்தது. ஆசாரி குத்துவதற்கு முன்னாலேயே அழுதது.

இரண்டாம் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம். சைக்கிளில் வருகிறவனெல்லாம் முந்திப் போக, தீய்ந்த நாற்றத்தோடு கார் ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் ஆறவைத்து, மறுபடியும் ஓட்டி வந்திருக்கிறார். இறங்கினார். பட்டு வேட்டி கறுப்பு. கை முழங்கை வரைக்கும் கறுப்பு. முகம் மட்டும் ஜெயித்து வந்தவன் முகம்.

"வந்து சேந்தேன் பாத்தீங்களா! ஒருத்தன் கை படல. கட்டி இழுக்கல. நானே ஓட்டிட்டு வந்தேன்!"

இலை எடுத்தவர்கள் எடுத்தபடியே இருந்தார்கள். கண்ணையா மட்டும், "கார் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அண்ணன் அதை நிஜமான விசாரணை என்று எடுத்துக்கொண்டார். "வெயிலுக்குச் சூடேறிருச்சுங்க. மத்தபடி சீல் பாருங்க, ஒரு சொட்டு ஒழுகல" என்று ஆரம்பித்தார்.

வெங்கடலட்சுமி வந்தாள். அழுது முடித்திருந்தாள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அவள் அப்போதும் அண்ணன் என்றுதான் நின்றாள்.

"கை கழுவிட்டு வாங்கண்ணா. பாப்பா தூங்கி எந்திரிச்சுட்டா. போட்டோக்காரர் இன்னும் போகல. மடியில வெச்சு ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாமுங்க. அவ பெரிசானா காட்டலாம்."

அண்ணன் தன் கறுத்த கைகளைப் பார்த்தார். "இதோ வாரேன் அம்மணி. ரெண்டே நிமிசம்" என்றார். தோப்புப் பக்கம் மோட்டார் ரூம் இருந்தது, அங்கேதான் குழாய். வேகமாகப் போனார்.

அவள் குழந்தைக்கு முகம் துடைத்து, பொட்டு வைத்து, பட்டுப்பாவாடையைச் சரி பண்ணினாள். புதுத் தோட்டைச் சுற்றி மஞ்சள் வைத்திருந்தது. போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு பந்தலில் நின்றாள். அண்ணன் வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.  அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாமளே போலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு நடந்தாள். நானும் போட்டோக்காரரும் பின்னால் போனோம்.

மோட்டார் ரூம் வாசலில் நனையாத சோப்பு கிடந்தது. பம்ப்செட்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்து வந்தது. அதோடு இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன.

குழந்தைதான் முதலில் பார்த்தது. அழுத முகமெல்லாம் மலர்ந்துபோய், கையை நீட்டி, "மாமா!" என்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, அடையாளம் கண்டுபிடித்த பெருமையில் மறுபடியும், "மாமா!" என்று கத்தியது.

உள்ளே இருந்த மாமாவுக்கு ஆள் வந்தது மட்டும்தான் தெரிந்தது. "ரங்கு, நீதானே? கார் டிக்கியில ஸ்பிண்டில் ஆயில் இருக்குது, எடுத்துட்டு வா! என்னடா பம்ப் வெச்சிருக்காங்க இவுங்க? நான் பாத்துக்கறேன், இனி ஒரு சொட்டு ஒழுகாது!" என்று குரல் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெங்கடலட்சுமியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் குழந்தையின் நீட்டிய கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். போட்டோக்காரருக்குச் சங்கடம். காமிராவைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், "அக்கா, கடைசியா ஒரு ஃபிலிம் இருக்குதுங்க. என்ன பண்ணட்டுங்க?" என்று கேட்டார்.

"அதை எடுங்க தம்பி" என்று அந்தக் கால்களைக் காட்டினாள். "மாமன் வந்திருந்தாருன்னு நாளைக்கு இவகிட்டச் சொல்லோணுமில்ல."